உப்பூர் முதல் ராமேஸ்வரம் வரை: சேது யாத்திரையை வரிசை தவறாமல் முடிக்க முழுமையான வழிகாட்டி

மதுரையில் ராமேஸ்வரம் பஸ் ஏறுகிறவர்களில் பலர் ராமநாதபுரத்தில் டீ குடிக்க மட்டும்தான் இறங்குகிறார்கள். ராமேஸ்வரத்தில் வரிசையில் நின்று தரிசனம் முடித்த பிறகு யாராவது, "தேவிபட்டினம் போகலையா? திருப்புல்லாணி?" என்று கேட்பார்கள். உடனே அவசரமாக ஒரு காரைப் பிடித்து, உச்சி வெயிலில் நடை சாத்திய கோயில் வாசலில் போய் நிற்பார்கள். எங்கள் பக்கம் இது வாராவாரம் நடக்கிறது.

சேது யாத்திரைக்குப் பெரியவர்கள் வகுத்த வரிசை ஒன்று இருக்கிறது. உப்பூரில் பிள்ளையார், தேவிபட்டினத்தில் நவகிரகம், சேதுக்கரையில் கடல் நீராடல், திருப்புல்லாணியில் பெருமாள், கடைசியாக ராமேஸ்வரம். இலங்கைக்குப் போகும் முன் ராமர் வழிபட்ட வரிசை இது என்பது ஐதீகம். நம்பிக்கை ஒருபுறம் இருக்க, நடைமுறைக்கும் இதுதான் சரியாக வருகிறது. கடல் அமைதியாக இருக்கும் நேரம், வெயில் ஏறும் நேரம், கோயில் நடை சாத்தும் நேரம் மூன்றும் இந்த வரிசையில் போனால்தான் ஒத்துப்போகும். மூன்று பகல், மூன்று ராத்திரி ஒதுக்கினால் மூச்சு வாங்காமல் முடித்துவிடலாம்.

1. முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

அமைதியாகச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் கால் வைக்க இடம் இருக்காது. வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். அன்றைக்குத்தான் திதி கொடுத்தாக வேண்டும் என்பவர்கள் முதல் நாள் ராத்திரியே வந்து தங்கி, விடியும் முன் கடற்கரைக்குப் போய்விட வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் சபரிமலை போகும்போதும் திரும்பும்போதும் ராமேஸ்வரம் வருவார்கள். கூட்டத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு அந்த மாதங்களும் ஆகாது.

இனி கடல். தேவிபட்டினம் வடகடலில், பாக் நீரிணைப் பக்கம் இருக்கிறது. சேதுக்கரை தென்கடலில், மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கலங்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். இரண்டு கடலும் ஓரளவு சாதுவாக இருப்பது பொங்கல் கழிந்து பங்குனி வரை. வெயிலும் அப்போது தாங்கும்படி இருக்கும். முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது மாசி மாதம்தான்.

சித்திரை, வைகாசியில் வந்தே தீர வேண்டுமென்றால், வெளி வேலை எல்லாவற்றையும் காலை 10 மணிக்குள் முடிக்கும்படி திட்டமிடுங்கள். இந்தக் கரையில் சீமைக் கருவேலத்தைத் தவிர நிழல் குறைவு.

2. பன்னிரண்டு பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள்

யாத்திரையில் அதிகம் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்ததும் புரோகிதர் கோத்திரம், நட்சத்திரம் கேட்பார். அதன்பின் அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா பெயர்களைக் கேட்பார். அம்மா, அப்பத்தா, அப்பத்தாவின் மாமியார் பெயர்கள் அடுத்து. பிறகு அம்மா வழியில் மூன்று தலைமுறை, ஆணும் பெண்ணுமாக. மொத்தம் பன்னிரண்டு பெயர். தாத்தா பெயர் வரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் போனதும் ஈரக் கையில் எள்ளை வைத்துக்கொண்டு, மனைவியிடம் செல்போனைக் காதில் பிடிக்கச் சொல்லி, ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம், "சித்தப்பா, நம்ம அப்பத்தாவோட மாமியார் பேரு என்ன?" என்று கத்துவார்கள். அந்தப் பக்கம் சித்தப்பா தூக்கத்தில் இருப்பார். பின்னால் அடுத்த குடும்பம் காத்துக்கொண்டிருக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டிலேயே மூத்தவராக இருப்பவரிடம் உட்கார்ந்து இந்தப் பெயர்களை எழுதி வாங்குங்கள். தாளில் எழுதுங்கள், கடற்கரையில் ஈரக் கையோடு செல்போனைத் திறந்து பார்ப்பது சிரமம். ஒரு பெயர் கிடைக்கவே இல்லையென்றால் கவலை வேண்டாம். அதற்கும் பொதுவாகச் சொல்லும் முறை புரோகிதருக்குத் தெரியும். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் அல்லது விஷ்ணு கோத்திரம் என்று சொல்லிச் செய்துவைப்பார்கள்.

அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் தர்ப்பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. யார் உட்கார வேண்டும், யார் உட்காரக் கூடாது என்பதை உங்கள் வீட்டு வழக்கப்படி முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கரைக்கு வந்த பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு வளர்ந்தால் காலைப் பொழுது முழுக்கப் போய்விடும்.

3. மூட்டையில் என்ன வேண்டும்

ஆளுக்கு மூன்று செட் உடை கூடுதலாக வையுங்கள். தேவிபட்டினத்தில் ஒரு முறை, சேதுக்கரையில் ஒரு முறை, ராமேஸ்வரத்தில் ஒரு முறை நனைய வேண்டியிருக்கும். உப்புத் தண்ணீரில் நனைந்த துணி ஒரே நாளில் காய்ந்தாலும் உடுத்த முடியாதபடி பிசுபிசுக்கும்.

பெண்கள் தீர்த்தமாடும் நாளில் புடவையைவிட அடர்ந்த நிறத்தில் பருத்திச் சுடிதார் போட்டுக்கொள்வது நல்லது. நனைந்த புடவை கனத்து, காலைத் தட்டி, வழுக்குத் தரையில் விழ வைக்கும். உடை மாற்றும் அறை எல்லா இடத்திலும் வசதியாக இருக்காது என்பதால் பெரிய துண்டு ஒன்று அவசியம்.

ஈரத்துணிக்குத் தனியாக ஒரு பை. குடிதண்ணீர் கேன், ஒரு குடும்பத்துக்கு 5 லிட்டராவது வண்டியிலேயே இருக்கட்டும். கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. வெளியூர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. நவதானியம், எள், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் தேவிபட்டினத்திலேயே கிடைக்கும். வீட்டிலிருந்து தூக்கிவர வேண்டாம். நகைகளை வீட்டில் வைத்துவிடுங்கள். கடலில் கழன்ற மோதிரம் திரும்பக் கிடைக்காது.

4. ராமநாதபுரத்தில் தங்குங்கள்

ராமேஸ்வரத்தில் அறை போட்டுவிட்டு அங்கிருந்து தேவிபட்டினம், திருப்புல்லாணி போய்வரலாம் என்று கணக்குப் போடுவார்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கி.மீ. போகவர இரண்டு முறை பாம்பன் பாலத்தைக் கடக்க வேண்டும். தினமும் மூன்று மணி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடும்.

ராமநாதபுரத்தில் தங்கினால் தேவிபட்டினம் சுமார் 15 கி.மீ., திருப்புல்லாணி சுமார் 10 கி.மீ., உத்தரகோசமங்கை 20 கி.மீ.க்குள். மூன்றும் மூன்று திசையில் இருப்பதால் நடுவில் இருக்கும் ஊரில் மூட்டையை வைப்பதுதான் வசதி. முதல் நாளுக்கு முந்தின ராத்திரியே வந்துசேர்ந்து, முதல் இரண்டு ராத்திரி இங்கே, மூன்றாவது ராத்திரி ராமேஸ்வரத்தில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எல்லா ஊருக்கும் பஸ் உண்டு. தனியாளாகவோ இருவராகவோ வந்தால் பஸ் போதும். வயதானவர்கள் இருந்தால் முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கார் பேசிக்கொள்ளுங்கள். பேசும்போது ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, காத்திருப்பும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். "சுற்றுவட்டாரக் கோயில்கள்" என்று பொதுவாகச் சொன்னால் உப்பூரும் சேதுக்கரையும் பெரும்பாலும் விட்டுப்போகும்.

5. முதல் நாள் காலை: உப்பூர்

ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 30 கி.மீ. காலை 6 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். தேவிபட்டினத்தைத் தாண்டித்தான் போவீர்கள். அங்கே இறங்காமல் நேராக உப்பூர் போய்விட்டுத் திரும்பும்போது இறங்குங்கள். திருச்சி, புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்கு உப்பூர்தான் முதலில் வரும்.

இங்கே பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். தலைக்கு மேல் கூரை இல்லாமல் வெயில் படும்படி அமர்ந்திருக்கிறார். ஒரு சிதறு தேங்காய், ஒரு அருகம்புல் மாலை. அரை மணி நேரம் போதும்.

6. தேவிபட்டினம்: இங்கே அவசரம் கூடாது

8 மணிக்குள் இங்கே வந்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால், நவகிரகக் கற்களுக்குப் போகக் கடலுக்குள் கட்டியிருக்கும் நடைமேடையின் தரை சுடும். காலணியைக் கரையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

செய்ய வேண்டியவற்றின் வரிசை இது. முதலில் கரையில் சங்கல்பம். திதி கொடுப்பவர்கள் அதை முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் கடலுக்குள் இறங்கி நவபாஷாணத்தை, அதாவது நவகிரகங்களாக வணங்கும் ஒன்பது கற்களைச் சுற்றி நவதானியம் இடுவது. கடைசியாக உடை மாற்றிக்கொண்டு ஊருக்குள் இருக்கும் கோயில்கள். பலர் கடலைப் பார்த்த உற்சாகத்தில் முதலிலேயே இறங்கி நனைந்துவிடுகிறார்கள். அப்புறம் ஈரத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிண்டம் போட வேண்டியிருக்கும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் குளிர் பிடித்துக்கொள்ளும்.

புரோகிதரிடம் உட்காரும் முன்பே என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு தட்சணை, பொருள்கள் அதில் அடக்கமா என்று கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அவர்களுக்கும் அதுதான் வசதி. வெறும் தர்ப்பணம், பிண்டத்தோடு திதி, நவகிரக தோஷ பரிகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு, செலவும் வேறு. உங்களுக்கு எது தேவை என்று தீர்மானித்துவிட்டு வந்தால் கரையில் குழப்பம் வராது.

கடலுக்குள் ஒன்பது கற்கள் உயரம் குறைந்தும் கூடியும் நிற்கும். நீர் ஏறியிருந்தால் சிலவற்றின் தலை மட்டும்தான் தெரியும். வற்றியிருந்தால் நன்றாகப் பார்க்கலாம். சுற்றும்போது கையால் ஒவ்வொரு கல்லையும் தடவ ஆசைப்பட்டு வேகமாக நகராதீர்கள். தண்ணீருக்கு அடியில் தரை சமமாக இருக்காது, பாசியும் இருக்கும். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாதத்தை எடுத்து வைக்காமல் தேய்த்து நகர்த்துங்கள். தண்ணீருக்குள் இறங்க முடியாதவர்கள் நடைமேடையில் நின்றபடியே வணங்கி, தானியத்தை இடலாம். அதனால் குறை எதுவும் இல்லை.

இப்போது மனம் வலிக்கிற ஒரு விஷயம். தோஷம் கழியும் என்று உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கற்களின் அடியில் சாயம் போன வேட்டியும் சேலையும் சுற்றிக்கொண்டு கிடக்கும். இறங்குகிறவர்களின் காலில் அதுவே மாட்டும். அலையில் அடித்துப் போவது மீன்பிடி வலையிலும் படகின் விசிறியிலும் சிக்கிக்கொள்ளும். அந்தக் கடலை நம்பித்தான் இந்த ஊர் பிழைக்கிறது. ஈரத்துணியைப் பையில் போட்டு எடுத்துவாருங்கள். கழித்தே ஆக வேண்டும் என்றால் கரைக்கு மேலே, துணி போடுவதற்கென்று இருக்கும் இடத்தில் போடுங்கள். பிளாஸ்டிக் பையோடு நவதானியத்தை வீசுவதும் அப்படித்தான். தானியத்தைக் கையில் கொட்டிக்கொண்டு பையை மடித்துப் பாக்கெட்டில் வையுங்கள்.

உடை மாற்றியதும் ஊருக்குள் இருக்கும் திலகேஸ்வரர் கோயிலையும், கடலடைத்த பெருமாளையும் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ராமருக்காக அலையை அடக்கித் தந்தவர் இந்தப் பெருமாள் என்பது இங்குள்ள நம்பிக்கை. நவபாஷாணத்தில் அத்தனை கூட்டம் இருக்கும்போதும் இந்த இரண்டு கோயிலும் பெரும்பாலும் வெறிச்சோடித்தான் கிடக்கும். நிதானமாகக் கும்பிடலாம்.

7. மத்தியானம்: ராமநாதபுரம் அரண்மனை

எங்கள் பக்கத்துக் கோயில்களில் நண்பகலை ஒட்டி நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். இந்த இடைவெளியில் எந்தக் கோயிலுக்கும் கிளம்பாதீர்கள். ராமநாதபுரத்துக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு, சேதுபதி அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசத்துக்குப் போங்கள். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று தங்குமிடத்தில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டின் ஓவியங்கள். ராமாயணக் காட்சிகள் ஒருபக்கம், தஞ்சை மராத்தியரோடு சேதுபதி நடத்திய போர் இன்னொருபக்கம். வெளி வெளிச்சத்திலிருந்து நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் ஓரமாக நின்று கண் பழகிய பிறகு பாருங்கள். சுவரைத் தொடாதீர்கள், ஏற்கெனவே உதிர்ந்திருக்கும் இடங்களைப் பார்த்தாலே காரணம் புரியும்.

8. மாலை: உத்தரகோசமங்கை

இது சேது வரிசையில் வருவதில்லை. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்துவிட்டு மங்களநாதரைப் பார்க்காமல் போவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம் பாடிய தலம் இது. நடை திறக்கும் நேரத்துக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள்.

புதிதாக வருகிறவர்கள் மரகத நடராஜரைப் பச்சை நிறத்தில் பார்க்கலாம் என்று வந்து ஏமாறுவார்கள். வருடம் முழுக்க அவர் மேனி சந்தனக் காப்பில்தான் இருக்கும். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் சந்தனத்தைக் களைந்து, அபிஷேகம் செய்து, மறுபடி சாத்துவார்கள். அந்த ஒரு நாளுக்கு வரும் கூட்டம் வேறு மாதிரி. மற்ற நாட்களில் சந்தனக் காப்போடு தரிசிப்பதுதான் இங்கே தரிசனம். அதை அறிந்து வந்தால் ஏமாற்றம் இருக்காது.

மற்ற சிவன் கோயில்களில் விலக்கிவைக்கும் தாழம்பூவை இங்கே சாத்துவார்கள். கிடைத்தால் வாங்கிப் போங்கள். பழமையான இலந்தை மரம்தான் தல விருட்சம்.

கொஞ்ச தூரத்தில் வாராகி அம்மன் கோயில். அம்மியில் விரலி மஞ்சளை அரைத்து அம்மனுக்குக் கொடுப்பது இங்கே வேண்டுதல். பஞ்சமி திதியன்று அம்மிக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். வேண்டுதல் இல்லாதவர்கள் பஞ்சமியைத் தவிர்த்துவிட்டு வருவது நல்லது.

9. இரண்டாம் நாள்: முதலில் சேதுக்கரை, பிறகு திருப்புல்லாணி

ராமநாதபுரத்திலிருந்து போகும்போது திருப்புல்லாணிதான் முதலில் வரும். அங்கிருந்து ஏறக்குறைய 5 கி.மீ. போனால் சேதுக்கரை. சாலை வரிசைப்படி இறங்கினால் பெருமாளைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போய், உப்பும் மணலுமாகத் திரும்ப வேண்டியிருக்கும். திருப்புல்லாணியில் நிறுத்தாமல் நேராகச் சேதுக்கரை போய், விடியற்காலையில் நீராடி, கரையில் உள்ள ஆஞ்சநேயரை வணங்கிவிட்டுத் திரும்பும்போது பெருமாள் கோயிலுக்குள் நுழையுங்கள்.

சேதுக்கரையில் இடுப்பளவுக்கு மேல் இறங்க வேண்டாம். முந்தின நாள் தேவிபட்டினத்துத் தண்ணீரைப் பார்த்த தைரியத்தில் இங்கேயும் அப்படியே என்று நினைத்துவிடுவார்கள். இது தென்கடல், அலை வேறு, இழுப்பும் வேறு. வலை இழுத்துக்கொண்டு நிற்கும் யாரிடமாவது, "அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினால், கரையில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

திருப்புல்லாணி 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆதி ஜெகந்நாதப் பெருமாளைத் தரிசித்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். தர்ப்பசயன ராமர் சன்னதியைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். வழிவிடச் சொல்லிக் கடலரசனை வேண்டி, தர்ப்பைப் புல்லின் மேல் ராமர் படுத்திருக்கும் கோலம். நின்று, அமர்ந்து, கிடந்து என்று இந்தக் கோயிலில் பெருமாளைப் பல கோலங்களில் பார்க்கலாம். பின்னால் இருக்கும் அரசமரத்தடியில் நாகப் பிரதிஷ்டை செய்யப்பட்ட கற்கள் வரிசையாக இருக்கும்.

குழந்தை வரம் வேண்டி வரும் தம்பதியர் இங்கே பால் பாயசப் பிரசாதம் வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். நாகப் பிரதிஷ்டையோ பாயசமோ வேண்டுவோர் முதல் நாளே கோயிலில் விசாரித்துவிட வேண்டும். காலையில் வந்து நின்று கேட்டால் அன்றைக்கு முடியாமல் போகலாம். இதற்காகவே ரயில் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இன்னொரு நாள் தங்கியவர்கள் உண்டு.

திரும்பும் வழியில் சாலையோரம் பதநீரோ நுங்கோ விற்றால் நிறுத்திக் குடியுங்கள். பனை ஓலையை மடித்து அதில் ஊற்றித் தருவார்கள். பதநீர் காலையில்தான் நன்றாக இருக்கும். வெயில் ஏறினால் புளித்துவிடும். கருப்பட்டியும், புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயும் வாங்க நினைத்தால் இந்த நாளிலேயே வாங்கிவிடுங்கள்.

10. ராமேஸ்வரத்துக்கு நகர்வது

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ராமநாதபுரத்தில் அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பலாம். பஸ்ஸிலோ காரிலோ போனால் 1988இல் திறந்த சாலைப் பாலம். ரயிலில் போனால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம். பஸ்ஸில் வருகிறவர்கள் ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கோயில் பக்கத்திலேயே இருக்கும் என்று நினைத்து மூட்டையோடு நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். கோயில் அங்கிருந்து தள்ளி இருக்கிறது. டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள்.

அறை கோயிலின் நான்கு ரத வீதிகளை ஒட்டி இருக்க வேண்டும். விடியற்காலையில் நடந்தே போகவும், ஈரத்தோடு நடந்தே திரும்பவும் வேண்டும் என்பதுதான் காரணம்.

அன்று மாலை தீர்த்தமாட வேண்டாம். கந்தமாதன பர்வதத்தில் ராமர் பாதம் பார்த்துவிட்டு வாருங்கள். தீவிலேயே உயரமான மேடு அது. மேல் தளத்தில் நின்றால் ஊரும் கடலும் தெரியும். ராத்திரி சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

11. மூன்றாம் நாள் காலை: தீர்த்தங்களும் தரிசனமும்

வரிசை இது: ஸ்படிக லிங்க தரிசனம், அக்னி தீர்த்தம், 22 தீர்த்தங்கள், அறைக்குப் போய் உடை மாற்றம், ராமநாதசுவாமி தரிசனம், அம்பாள்.

ஸ்படிக லிங்க பூஜை காலை 5 மணியை ஒட்டி நடக்கும். அதற்கு அறையிலேயே குளித்துவிட்டு உலர்ந்த உடையோடு போங்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அறையிலேயே வைத்துவிட்டால் அதைக் கொடுத்து வாங்க ஒரு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அது முடிந்ததும் கிழக்கே அக்னி தீர்த்தம். இங்கே கடலில் முழுகிய பிறகுதான் கோயிலுக்குள் உள்ள தீர்த்தங்கள். கடல் உப்பு போக நல்ல தண்ணீர் என்பதால் உடம்புக்கும் இந்த முறைதான் இதம். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். கவுன்டரில் டிக்கெட் வாங்கி வரிசையில் போங்கள். வெளியில் நின்று தனியாகக் கூட்டிப்போகிறேன் என்று பேசுகிறவர்களிடம் சிக்காதீர்கள்.

கிணற்று மேடையில் நிற்பவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். மேலிருந்து விழும் தண்ணீர் வேகமாக இருக்கும். வயதானவர்கள் நேராக நிற்காமல் கொஞ்சம் குனிந்து, தோளில் விழும்படி நிற்க வேண்டும். ஒரு தீர்த்தத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கல் தரை முழுக்க ஈரம். யாரும் ஓடக் கூடாது. கூட்டம் அவசரப்படுத்தினாலும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நடங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் 22 தீர்த்தமும் ஆட வேண்டாம். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். இது தெரியாமல் கோடி தீர்த்தம் முடித்த கையோடு தரிசன வரிசையில் போய் நின்று, திரும்பி அனுப்பப்படுகிறவர்கள் தினமும் உண்டு. உடை மாற்றிக்கொண்டு வந்த பிறகு பிராகாரத்தில் நிதானமாக நடங்கள். மூன்றாம் பிராகாரத்தின் தூண் வரிசையை அந்த நேரத்தில் பார்ப்பதுதான் சுகம். ஈரத்தோடு ஓடும்போது எதுவும் கண்ணில் படாது.

12. தனுஷ்கோடி

தரிசனம் முடிந்து சாப்பிட்டதும் கிளம்பலாம். மாலையில் செக்போஸ்ட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் 3 மணிக்கு மேல் கிளம்பத் திட்டம் போடாதீர்கள். போகிற வழியில் கோதண்டராமர் கோயில். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் மாதா கோயில், ரயில் நிலையச் சுவர்கள் சாலையோரத்தில் நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். ஒரு ஊரே கடலுக்குப் போன இடம் அது.

அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு கடலும் சேரும் முனை. அடியில் நீரோட்டம் இழுக்கும். காசி யாத்திரைக்காக மண் எடுப்பவர்கள் கரையிலேயே ஒரு பிடி எடுத்தால் போதும்.

13. நேரம் மிச்சமிருந்தால்

ஏர்வாடி தர்கா ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வழியாகப் போகலாம். எல்லா மதத்தாரும் வருகிறார்கள். தலையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கீழக்கரையில் கல் தூண்களோடு திராவிடப் பாணியில் கட்டிய பழைய பள்ளிவாசலும் இருக்கிறது. தொழுகை நேரம் தவிர்த்து, உள்ளே யாரிடமாவது கேட்டுவிட்டுப் பாருங்கள். உப்பூருக்கு வடக்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகுச் சவாரி உண்டு. கிறிஸ்தவத் துறவி அருளானந்தர் 1693இல் கொல்லப்பட்ட ஓரியூர் திருத்தலமும் அந்தத் திசையில்தான். இவை இரண்டையும் முதல் நாளோடு சேர்க்க முயன்றால் தேவிபட்டினம் உச்சி வெயிலுக்குத் தள்ளிப்போகும். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மட்டும் சேருங்கள்.

14. ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால்

ராமேஸ்வரத்தை விட்டுவிடுங்கள். கேட்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் ஒரே நாளில் அத்தனையையும் சேர்த்தால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. காலை 6 மணிக்கு ராமநாதபுரத்தில் கிளம்பி, தேவிபட்டினத்தில் திதியையும் நவபாஷாணத்தையும் முடித்து, 10 மணிக்குள் திருப்புல்லாணி. மத்தியானம் அரண்மனை, மாலை உத்தரகோசமங்கை. சேதுக்கரைக்கு நேரம் இருந்தால் திருப்புல்லாணியோடு சேர்த்து, வெயில் ஏறியிருப்பதால் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி மதுரைக்குப் பஸ் கிடைக்கும். ராமேஸ்வரத்துக்கு இன்னொரு முறை, முழுசாக இரண்டு நாள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.